தீவு முழுக்கப் பூங்காவாகட்டும்!

திருச்சியை அடுத்த மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறந்து பத்தாண்டுகளாகிவிட்டன. சீனாவில் ஒரு மாவட்டத்து உழவர்கள் ஒரு பறவைக்காகச் செய்ததை, காவிரிக் கரை தன் சிறகுகளுக்காகச் செய்ய முடியாதா?

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி என்ற பெயரிலேயே திருச்சி நகரை ஒட்டி ஓடுகிறது. வடக்குக் கிளை கொள்ளிடமாகிறது. பிரிந்த இரண்டும் கல்லணை அருகே மறுபடி நெருங்கி வருகின்றன. இவ்விரு ஆறுகளுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கின்றன. மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்குப் பெருமாளைச் சேவிக்க லட்சக்கணக்கில் வருகிறார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் கோயில், அம்மா மண்டபம், மலைக்கோட்டை என்று முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

கோயிலிலிருந்து மேற்கே போனால் மேலூர். அங்கே மேலணைக் காப்புக்காட்டில், சுமார் 25 ஏக்கரில், வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015 நவம்பரில் திறக்கப்பட்டது. ஆசியாவிலேயே பெரிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காக்களில் ஒன்று என்று இதைச் சொல்வார்கள். திறந்தவெளித் தோட்டம், வலைக்கூரை வேய்ந்த உள்ளரங்கம், புழுக்களை வளர்த்தெடுக்கும் ஆய்வகம், நட்சத்திர வனம், ராசி வனம், குளங்கள், குழந்தைகள் விளையாடுமிடம் என்று எல்லாம் உண்டு. 100-க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. தமிழ்நாடு முழுவதிலும் பதிவானவை ஏறத்தாழ 320 என்பதை வைத்துப் பார்த்தால், மலையோ மழைக்காடோ இல்லாத, வெயிலுக்குப் பேர்போன ஒரு சமவெளி நகரத்துக்கு இது பெரிய செல்வம்.

இந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது? வெளியூரிலிருந்து கூண்டில் கொண்டுவந்து விட்டதல்ல. காவிரிப் படுகையில் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தவைதான், தங்களுக்கு வேண்டிய செடிகள் ஒரே இடத்தில் கிடைத்ததும் அங்கே வந்து சேர்ந்தன. பூங்காவின் வெற்றிக்குக் காரணம் இதுதான். அந்த வெற்றிக்கு எல்லையும் இதுதான். படுகையில் பூச்சி இருக்கிறவரைதான் பூங்காவிலும் பூச்சி இருக்கும்.

செடி இல்லையேல் சிறகு இல்லை

வண்ணத்துப்பூச்சிக்குப் பூ இருந்தால் போதும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பூவில் கிடைப்பது பறந்து திரியும் பூச்சிக்கான தேன் மட்டுமே. அதற்கு முந்தைய வாழ்வு முழுவதும் புழுவுக்குரியது. புழுவுக்கு வேண்டியது இலை. எந்த இலையையும் அது தின்பதில்லை. தாய்ப்பூச்சி செடி செடியாகத் தாவி, முன்னங்கால்களால் இலையைத் தொட்டு, அதன் வேதியியலைச் சோதித்து, தன் இனத்துக்குரிய செடிதான் என்று உறுதியான பிறகே முட்டையிடுகிறது. அந்தச் செடி அந்த வட்டாரத்தில் இல்லாமல் போனால், ஆயிரம் பூக்கள் மலர்ந்திருந்தாலும் அந்த இனம் அங்கே தொடராது.

வெந்தய வரியனுக்கு எருக்கு வேண்டும். எலுமிச்சை அழகிக்கு நாரத்தை, எலுமிச்சை இலைகள். கறிவேப்பிலை அழகிக்கு நம் கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலையே போதும். கொன்னை வெள்ளையனுக்குச் சரக்கொன்றை. சிவப்புடல் அழகிக்கும் ரோஜா அழகிக்கும் ஆடுதீண்டாப்பாளையும் ஈச்சுரமூலியும். வாய்க்கால் ஓரத்து நீர்முள்ளியை நம்பி ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. வேலியோரத்து ஆமணக்கை நம்பி இன்னொன்று. தரையோடு தரையாகப் பறக்கும் சின்னஞ்சிறு நீல நிறத்தவை நெருஞ்சியில்கூட வாழ்ந்துவிடும்.

இந்தப் பட்டியலை ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். எருக்கு, நீர்முள்ளி, நெருஞ்சி, ஆமணக்கு, ஆடுதீண்டாப்பாளை. இவற்றில் ஒன்றையாவது விலை கொடுத்து வாங்கி நடுவோமா? வரப்பிலும் புறம்போக்கிலும் ஆற்றங்கரையிலும் தானாக முளைப்பவை. பெரும்பாலானவற்றை நாம் களை என்றே கணக்கில் வைத்திருக்கிறோம்.

ஆடுதீண்டாப்பாளையின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. ஆடுகூட வாய் வைக்காத கசப்பும் நஞ்சும் உள்ள செடி அது. சிவப்புடல் அழகியின் புழு அந்த நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதனால் வளர்ந்து பறக்கும் பூச்சியையும் பறவைகள் தொடுவதில்லை. செக்கச்செவேலென்ற உடல் அதற்கான எச்சரிக்கை. இந்தப் பாதுகாப்பைக் கறிவேப்பிலை அழகி வேறு வழியில் பெற்றுக்கொள்கிறது. தன்னிடம் நஞ்சு இல்லாவிட்டாலும், அதன் பெண்பூச்சிகளில் சில ரோஜா அழகியைப் போலவும், சில சிவப்புடல் அழகியைப் போலவும் வேடம் தரிக்கின்றன. பறவைகள் ஏமாந்து விலகிவிடுகின்றன. நிஜமான நஞ்சுப்பூச்சிகள் வட்டாரத்தில் நிறைய இருந்தால்தான் இந்த வேடம் பலிக்கும். ஆக, வரப்பிலுள்ள ஆடுதீண்டாப்பாளையை அழித்தால், அதைத் தின்னாத கறிவேப்பிலை அழகிக்கும் காவல் போய்விடுகிறது. ஓர் ஊரின் இயற்கை இப்படித்தான் ஒன்றோடொன்று முடிச்சிட்டுக் கிடக்கிறது.

பூங்காவின் ஆய்வகத்தில் இந்த வாழ்க்கையைக் கண்ணெதிரே பார்க்கலாம். முட்டையும் புழுவும் தாங்கிய இலைகளை எடுத்துவந்து, எதிரிகள் அண்டாமல் பாதுகாத்து, தினமும் புதுத்தழை கொடுத்து வளர்க்கிறார்கள். முட்டை பொரிய மூன்று நான்கு நாள், புழுப்பருவம் சுமார் இரண்டு வாரம், கூட்டுப்புழுவாக ஒன்றரை வாரம் என்று பல இனங்களுக்கு ஏறத்தாழ ஒரு மாதத்தில் சுற்று முடிகிறது. வெளியே இயற்கையில் இடப்படும் முட்டைகளில் பெரும்பகுதி குளவிக்கும் எறும்புக்கும் சிலந்திக்கும் பறவைக்கும் இரையாகிவிடும். ஆய்வகத்தில் பிழைப்பவை அதிகம். பள்ளிப் பிள்ளைகள் கூட்டுப்புழு உடைந்து சிறகு விரிவதை நேரில் பார்க்கும்போது, பாடப்புத்தகத்தின் நான்கு படங்கள் தராத ஒன்று அவர்கள் மனத்தில் விழுகிறது. அதற்காகவே இந்தப் பூங்காவைக் கொண்டாடலாம்.

ஏழே ஏழு பறவைகள்

இனி, திருச்சியிலிருந்து வெகுதூரம் தள்ளிச் சீனாவுக்குப் போவோம். அங்கே ஷான்சி மாகாணத்தில், சின்லிங் மலைத்தொடரின் தெற்குச் சரிவில் யாங் என்றொரு கிராமப்புற மாவட்டம். நெல் விளையும் பூமி.

நம் டெல்டா வயல்களில் வளைந்த அலகால் சேற்றைக் கிளறிக்கொண்டு நடக்கும் வெள்ளை அரிவாள் மூக்கனை எல்லோருக்கும் தெரியும். அதற்குத் தாயாதி உறவாக, பிடரியில் கொண்டையும் முகத்தில் சிவப்பும் உள்ள கொண்டை அரிவாள் மூக்கன் ஒருகாலத்தில் சீனா, ஜப்பான், கொரியா, ரஷ்யாவின் கிழக்குக் கோடி என்று பரவி வாழ்ந்தது. வேட்டையும், கூடு கட்டும் மரங்களின் அழிவும், வயலில் கொட்டிய பூச்சிக்கொல்லியும் சேர்ந்து அதைத் துடைத்தெடுத்தன. 1981 ஜனவரியில், ஜப்பானின் சாடோ தீவில் இயற்கையில் எஞ்சியிருந்த கடைசி ஐந்து பறவைகளையும் கூண்டில் வைத்தாவது காப்பாற்றலாம் என்று பிடித்துவிட்டார்கள். அந்த முயற்சி பலிக்கவில்லை. ஜப்பானில் பிறந்த கடைசிப் பறவை 2003-இல் இறந்தது.

அதே 1981-இன் மே மாதம். சீன விலங்கியலாளர் லியூ யின்செங் மாகாணம் மாகாணமாக மூன்று ஆண்டுகள் தேடி அலைந்த பிறகு, யாங் மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றில் இந்தப் பறவையைக் கண்டார். மொத்தம் ஏழு. நான்கு பெரியவை, மூன்று குஞ்சுகள். உலகத்தில் இயற்கையில் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

அடுத்து நடந்ததுதான் நமக்கான பாடம். அந்தப் பறவை ஆளரவமற்ற காட்டில் வாழவில்லை. வீட்டருகே மரத்தில் கூடு கட்டி, ஊராரின் நெல்வயலில் மீனும் நத்தையும் தவளையும் பொறுக்கித் தின்றது. வேலி போட்டுக் காக்க வழியே இல்லை. ஊர்தான் காக்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் வேட்டைக்கும், கூடிருக்கும் இடங்களில் மரம் வெட்டுவதற்கும், இரை தேடும் வயல்களில் பூச்சிமருந்து தெளிப்பதற்கும் தடை போட்டது. குளிர்காலத்தில் வயலைக் காயவிடாமல் தண்ணீர் நிறுத்தச் சொன்னது. கூடுள்ள மரத்தில் பாம்பு ஏறாமல் தடுப்பு கட்டினார்கள். குஞ்சு தவறி விழுந்தால் தாங்குவதற்கு மரத்தடியில் வலை விரித்தார்கள்.

மருந்து அடிக்காத வயலில் மகசூல் குறையும். அந்த நட்டத்தை யார் தாங்குவது? தொடக்கத்தில் அது உழவரின் தலையில்தான் விழுந்தது. பறவையின் பெயரைச் சொல்லியே இயற்கை வேளாண் அரிசியும் பழங்களும் கூடுதல் விலைக்குப் போகத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. பறவை பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். தங்கும் விடுதியும் சாப்பாட்டுக் கடையும் உள்ளூர்க்காரர்களுக்கு வருமானம் தந்தன. ஏழாக இருந்த பறவை இன்று பல ஆயிரமாகப் பெருகிவிட்டது. 1999-இல் சீனா ஒரு ஜோடியை ஜப்பானுக்குப் பரிசளித்தது. அந்த வம்சம் பெருகி, 2008 முதல் சாடோ தீவில் மறுபடி திறந்தவெளிக்கு விடப்பட்டது. அங்கும் உழவர்கள் ரசாயன உரத்தையும் மருந்தையும் பாதியாகக் குறைத்து, வயலோரம் பறவைக்கும் மீனுக்குமாகத் தண்ணீர் நிற்கும் வாய்க்கால் விட்டு, அந்த நெல்லைத் தனி முத்திரையோடு விற்கிறார்கள்.

சீனாவின் ஆட்சிமுறை வேறு, நம்முடையது வேறு. உத்தரவு போட்டு ஒரே நாளில் ஒரு மாவட்டத்தை மாற்றுவது இங்கே நடக்காது, நடக்கவும் வேண்டாம். ஆனால் அங்கே பறவையைக் கடைசிவரை காத்து நின்றது உத்தரவு மட்டும் அல்ல. பறவை பிழைத்தால் தங்களுக்கும் பிழைப்பு உண்டு என்று உழவருக்குத் தெரிந்த பிறகுதான் அந்தப் பாதுகாப்பு நிலைத்தது. இந்த உண்மைக்கு எந்த நாட்டின் எல்லையும் கிடையாது.

நமக்குப் புதிதல்ல

தமிழ்நாட்டு ஊர்கள் இதை முன்பே செய்திருக்கின்றன. வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டிய பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உரிமை வாங்கினார்கள். அது 18-ஆம் நூற்றாண்டின் இறுதி. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். அன்புக்கும் விளைச்சலுக்கும் அங்கே பகை இருக்கவில்லை.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடியில் தங்கும் பறவைகள் மிரளக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பண்டிகை நாளில் தங்கள் பிள்ளைகளின் ஆசையை அடக்கிக்கொண்டு எங்கிருந்தோ வந்த கொக்கின் குஞ்சுகளுக்காக அமைதி காக்கும் ஊர் அது. 1977-இல் அரசு வேட்டங்குடியைச் சரணாலயமாக அறிவித்தது. ஊர் அதற்கு வெகுகாலம் முன்பே அறிவித்துவிட்டது.

திருச்சியைச் சுற்றியே பாருங்கள். வடகிழக்கே அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி ஏரி. சுமார் 454 ஹெக்டேர் பரப்பு. 1999-இல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்து, உலகம் மதிக்கும் ஈரநிலமாகியிருக்கிறது. இமயத்துக்கு அப்பால் மங்கோலியா, சீனப் பகுதிகளின் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரிக்கும் பட்டைத்தலை வாத்துகள், அந்தப் பெருமலையைப் பறந்து கடந்து, குளிர்காலத்துக்கு இங்கே வந்து இறங்குகின்றன. கரைவெட்டி காட்டுக்குளம் அல்ல. புள்ளம்பாடி வாய்க்கால் வழியே காவிரித் தண்ணீர் வந்து நிறையும் பாசன ஏரி. மேட்டூரில் திறக்கும் மதகுக்கும் மங்கோலிய வாத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. சுற்றிலும் நெல், கரும்பு, பருத்தி வயல்கள். இங்கும் பறவையைக் காப்பது என்றால் பாசனத்தையும் வயலையும் சேர்த்துத்தான் காக்க வேண்டும்.

தென்மேற்கே, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர். 2022 அக்டோபரில் 11,806 ஹெக்டேர் காடு, இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உருண்டைக் கண்களோடு இரவில் கிளை விட்டுக் கிளை மெல்ல நகரும் தேவாங்கு, பூச்சிகளைத் தின்று வாழ்கிறது. பயிரைக் கெடுக்கும் பூச்சிகளும் அதில் அடக்கம். அதைக் கண்டால் கேடு என்ற மூடநம்பிக்கையாலும், மாந்திரீகத்துக்கென்று பிடிக்கப்பட்டும், சாலையில் அடிபட்டும் மடிந்துகொண்டிருந்த உயிர் அது. இதே கடவூரில்தான் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் 'வானகம்' பண்ணையைத் தொடங்கினார். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்து, ஊர் ஊராக நடந்து, பூச்சிமருந்து இல்லாத வேளாண்மையைப் பேசிய அவர், 2013 டிசம்பர் 30 அன்று மறைந்து, அந்த மண்ணிலேயே விதைக்கப்பட்டார். மருந்தில்லாத வயலும் பூச்சி தின்னும் தேவாங்கும் ஒரே வட்டாரத்தில் அமைந்திருப்பது நமக்கு வாய்த்த நல்லூழ்.

வடக்கே பச்சமலை, தலைமுறைகளாக வாழும் மலையாளிப் பழங்குடிகளின் சிற்றூர்களும் அருவிகளும் கொண்டது. எம்.ஆர்.பாளையத்தில் மீட்கப்பட்ட யானைகளுக்கான மறுவாழ்வு மையம். காவிரிக் கரையில் கம்பரசம்பேட்டையில் 2025-இல் திறந்த பறவைகள் பூங்கா. எல்லாம் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் தூரம். ஒரு மாவட்டத்தின் பெயரையே இயற்கையின் பெயராக்கும் அளவுக்குத் திருச்சியிடம் சரக்கு இருக்கிறது. கோத்துக் கட்டுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

வேலிக்கு வெளியே

இனி வருத்தமான பகுதி. மேலூர் பூங்காவின் வேலியைத் தாண்டினால் நடப்பது வேறு.

கூலியாள் கிடைக்காத காலத்தில், களை பறிப்பதற்குப் பதில் களைக்கொல்லி அடிக்கிறோம். வயலோடு நிற்பதில்லை, வரப்பு, வாய்க்கால் கரை, பாதையோரம் என்று எங்கும் அடிக்கிறோம். அடித்த ஒரு வாரத்தில் வரப்பு வைக்கோல் நிறமாகிறது. அதில் நீர்முள்ளியும் ஆடுதீண்டாப்பாளையும் கருகும். அவற்றின் இலையடியில் இருந்த முட்டையும் புழுவும் நம் கணக்கிலேயே வருவதில்லை. ஸ்ரீரங்கத்தைச் சுற்றிப் பூ விவசாயமும் வாழையும் பேர்பெற்றவை. மல்லிகையில் மொட்டுப்புழு விழுந்தால் அடிக்கிற மருந்து, மொட்டுப்புழுவை மட்டும் தேடிப் போய்க் கொல்வதில்லை. காற்றில் கலந்து அக்கம்பக்கத்துச் செடிகளிலும் படிகிறது.

உழவரைக் குற்றவாளியாக்குவது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. கட்டுப்படியாகாத விலைக்கு விற்று, கடன் வாங்கி மறுபடி நடுகிறவரிடம் போய், பட்டாம்பூச்சிக்காக நட்டத்தைப் பொறுத்துக்கொள் என்று சொல்ல நகரத்திலிருக்கும் நமக்கு உரிமை இல்லை. வண்ணத்துப்பூச்சிகள் எல்லாமே பயிருக்கு நல்லவை என்று சொல்வதும் பொய்யாகிவிடும். எலுமிச்சை அழகியின் புழு எலுமிச்சை நாற்றைக் கடித்துத் தின்னும். வாழை இலையைச் சுருட்டிக் குடியிருக்கும் புழுவும் ஒரு வண்ணத்துப்பூச்சி வகையின் பிள்ளைதான். எந்தப் பூச்சி, எந்தப் பருவத்தில், எந்த அளவுக்கு மேல் போனால் நட்டம் என்று தெரிந்து செய்வதுதான் அறிவுள்ள வேளாண்மை. அந்த அறிவை வயலுக்குக் கொண்டுசேர்க்க இதே ஊரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நாவலூர் குட்டப்பட்டில் அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி இருக்கிறது.

வயல் மனையாவது இன்னொரு துயரம். ஆற்றுத்தீவின் வளமான நன்செய், வண்ணக்கொடி கட்டிய கல்லாக மாறுவதைத் தீவின் எந்தச் சாலையிலும் பார்க்கலாம். வீடு கட்டியவர்கள் தோட்டமும் வைக்கிறார்கள். ஆனால் அந்தத் தோட்டத்தில் புழு தின்னும் செடிக்கு இடமில்லை. புழு கண்ணில் பட்டாலே மருந்து. கொசுவுக்கு அடிக்கும் புகையும் பூச்சிக்குப் பூச்சி பேதம் பார்ப்பதில்லை.

வண்ணத்துப்பூச்சி ஒரே இடத்தில் அடைந்து கிடக்கும் உயிர் அல்ல. நீல வரியன்களும் அவற்றின் சுற்றமும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து கிழக்கே புறப்பட்டு, சமவெளியைக் கடந்து, கிழக்குத் தொடர்ச்சி மலைகளை நோக்கிப் பறக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தையொட்டி மேற்கே திரும்புகின்றன. சிவப்புடல் அழகி கடலையே கடந்து இலங்கைக்கும் தமிழகத்துக்கும் இடையே போய்வருவது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. இந்தப் பயணத்தில் அவை இறங்கி இளைப்பாற இடம் வேண்டும். ஆற்றோரத்துத் தேள்கொடுக்குச் செடியிலும் கிலுகிலுப்பையிலும் வரியன்களின் ஆண்பூச்சிகள் மொய்ப்பது தேனுக்காக மட்டுமல்ல. இணையைக் கவரும் மணத்துக்கான வேதிப்பொருளை அவை அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. ஈரமணலில் கூட்டமாக அமர்ந்து உப்புச்சத்தை உறிஞ்சுகின்றன. கரையும் மணலும் சிதைந்தால் இந்தத் தங்குமடங்கள் மூடப்படும். இருபத்தைந்து ஏக்கரை எவ்வளவு அழகாக வைத்திருந்தாலும், அதற்குப் போகிற வழியெல்லாம் பாலையானால் அது வெறும் காட்சிக்கூடமாகச் சுருங்கிவிடும்.

என்ன செய்யலாம்?

யாங் மாவட்டமும் கொள்ளுக்குடிப்பட்டியும் சொல்வதை இந்தத் தீவின் அளவுக்கு மாற்றிப் பார்ப்போம். பெரிய நிதியோ புதிய சட்டமோ கேட்கவில்லை.

முதலாவது, வரப்புகள். மேலூரைச் சுற்றியுள்ள வயல்களில், வயலுக்குள் உழவர் விருப்பப்படி செய்யட்டும். வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் களைக்கொல்லி அடிப்பதில்லை என்று முதலில் ஓர் ஊர் முடிவெடுக்கட்டும். வரப்பை அரிவாளால் அறுத்துவிட்டால் போதும். வேர் உயிரோடிருக்கும், மறுபடி துளிர்க்கும். அறுப்பதற்கான கூலியை ஊரக வேலைத் திட்டத்திலிருந்தோ பூங்காவின் நுழைவுக் கட்டண வருவாயிலிருந்தோ ஈடு செய்வது பற்றி அரசு யோசிக்கலாம். பூங்காவுக்குப் பூச்சியைக் கொடுக்கும் வயல்காரருக்குப் பூங்காவின் வருவாயில் ஒரு பங்கு சேருவது நியாயம்.

இரண்டாவது, விளைபொருள். தமிழ்நாடு அரசு 2023-இல் இயற்கை வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. அதன் கீழ் தீவின் உழவர்கள் குழுவாகச் சேர்ந்து மருந்தில்லாமல் விளைவிக்கும் வாழைக்கும் அரிசிக்கும் பூவுக்கும் ஒரு முத்திரை கொடுக்கலாம். வாங்குவதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. ஆண்டு முழுக்க லட்சக்கணக்கானவர்கள் வந்துபோகும் கோயில் அருகிலேயே இருக்கிறது. பெருமாளுக்குச் சாத்தும் மாலை, நைவேத்தியத்துக்கு வரும் பழம், பக்தர்கள் வாங்கும் பூ எல்லாம் நஞ்சில்லாத தோட்டத்திலிருந்து வரவேண்டும் என்று நினைத்தால், அந்த ஒரு தேவையே பல ஏக்கர் நிலத்தை மாற்றிவிடும். நந்தவனம் வைத்துத் திருமாலை கட்டிய தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் ஊர் இது. இங்கே இந்த யோசனைக்குப் புதிதாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, சுற்றுலா. பூங்காவில் ஒரு மணி நேரம் சுற்றி, ஊஞ்சலாடி, படம் எடுத்துத் திரும்புவதோடு பயணம் முடிந்துவிடக் கூடாது. மேலூர், முக்கொம்புச் சிற்றூர்களின் இளைஞர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் பயிற்சி கொடுத்து, காலை வேளையில் வாய்க்கால் கரையோரமாக வண்ணத்துப்பூச்சி நடை கூட்டிப்போகச் செய்யலாம். வெயில் ஏறிச் சிறகு சூடானதும், காலை எட்டு மணிக்கு மேல்தான் அவை சுறுசுறுப்பாகும். ஐப்பசி முதல் தை வரை பார்ப்பதற்கு நல்ல பருவம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டமும் சபரிமலைப் பயணிகளும் ஸ்ரீரங்கத்தில் குவியும் பருவமும் அதுதான். வந்தவர்களை இன்னொரு நாள் தங்கவைத்தால், அந்தப் பணம் மேலூர்த் தேநீர்க்கடை வரை வந்து சேரும். அதே பயணத்தில் கரைவெட்டியையும் பச்சமலையையும் சேர்த்தால், திருச்சி ஒரு நாள் தரிசன ஊராக மட்டும் இருக்காது. ஒரு நிபந்தனை உண்டு. கூட்டம் கூடினால் குப்பையும் கூடும்; அதற்கான கணக்கை முதல் நாளிலேயே போட வேண்டும்.

நான்காவது, கணக்கெடுப்பு. 2020 முதல் இந்தியா முழுவதும் செப்டம்பரை வண்ணத்துப்பூச்சிகளுக்கான மாதமாகக் கொண்டாடி ஆர்வலர்கள் கணக்கெடுக்கிறார்கள். பாரதிதாசன் பல்கலைக்கழகமும், நூற்றாண்டு கண்ட கல்லூரிகளும் உள்ள நகரம் திருச்சி. ஒவ்வொரு கல்லூரியின் விலங்கியல், தாவரவியல் துறையும் தீவின் ஒரு துண்டைத் தத்தெடுத்து, எந்த மாதத்தில் எந்தச் செடியில் எந்தப் பூச்சி என்று ஆண்டுதோறும் எழுதி வைத்தால், பத்தாண்டில் இந்தப் படுகையின் உடல்நிலைக்கு ஒரு நம்பகமான பதிவேடு கிடைத்துவிடும். மருந்து குறைந்த வரப்பில் பூச்சி கூடியதா என்பதை அப்போது வாதமாகப் பேசாமல் எண்ணிக்கையாகவே காட்டலாம். உழவர் கேட்பதும் அந்தச் சான்றைத்தான்.

ஐந்தாவது, நம் வீடுகள். ஒரு கறிவேப்பிலைக் கன்று, தொட்டியில் ஓர் எலுமிச்சை, மதில் ஓரத்தில் எருக்கு, கொஞ்சம் கிலுகிலுப்பை. புழு தின்றால் தின்னட்டும் என்று விட்டுவிடும் மனம். அடுக்குமாடி மொட்டை மாடியிலும் இது நடக்கும். பள்ளி வளாகங்களில் இன்னும் நன்றாக நடக்கும்.

2019-இல் தமிழ்நாடு, 'தமிழ் மறவன்' என்னும் வண்ணத்துப்பூச்சியை மாநிலச் சின்னங்களில் ஒன்றாக அறிவித்தது. மேற்கு மலைக்காடுகளில் கூட்டமாகப் பறக்கும் இனம் அது. ஒரு பூச்சியை அரசுச் சின்னமாக ஏற்கும் அளவுக்கு நம் பார்வை வளர்ந்திருக்கிறது. சின்னமாக ஏற்பதற்கும் வரப்பில் வாழவிடுவதற்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடப்பதுதான் இனி உள்ள வேலை.

யாங் மாவட்டம் விழித்துக்கொண்டபோது அதன் கையில் இருந்தவை ஏழு பறவைகள் மட்டுமே. நம் கையில் இன்னும் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன; நீர் வரும் வாய்க்கால் இருக்கிறது; பறவைக்காகப் பட்டாசைத் துறந்த ஊர்களின் முன்மாதிரி இருக்கிறது. ஏழாகக் குறையும்வரை காத்திருக்க நமக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. வரும் குறுவைக்கு முன், தீவில் ஒரே ஓர் ஊராட்சி தன் கிராம சபையில் வரப்புக்கு மருந்தில்லை என்று தீர்மானம் போடட்டும். வனத்துறையும் வேளாண்துறையும் அந்த ஊரின் பக்கம் நிற்கட்டும். வாங்குகிற நாம் அந்த ஊரின் வாழைக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருப்போம். இருபத்தைந்து ஏக்கரில் தொடங்கிய நல்ல காரியம் தீவு முழுக்கப் பரவுவதற்கு அதுவே முதல் அடி.